நாலாவது வருஷம் யார் பொறுப்பு?

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் விலை பேசி முடித்து, நிறம் பார்த்து, வங்கிக் கடனுக்குப் பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டு நிமிரும்போது, ஷோரூமில் இன்னொரு காகிதம் வரும். எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி. கம்பெனி தரும் வாரன்ட்டி முடிந்த பிறகு, கூடுதலாக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பழுது பார்த்துத் தருகிறோம் என்ற உறுதி. எட்டு லட்சத்தைப் பார்த்த கண்ணுக்குப் பதினைந்தாயிரம் பெரிதாகத் தெரியாது. சிலர் அப்படியே சேர்த்துவிடுவார்கள். சிலர் ‘இது வேறயா’ என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு பேருமே காகிதத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியின் கிராமத்து ஜனங்கள் விலை வித்தியாசத்தில் கெட்டிக்காரர்கள். கன்னியக்கோயில் பங்கில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளில் பாதி, கடலூர்ப் பக்கத்திலிருந்து பெட்ரோல் போட வருபவை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. வில்லியனூரிலும் பாகூரிலும் வளர்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தானாகவே வந்துவிடும். பெட்ரோலில் இது சரிப்படும். எந்தப் பங்கில் போட்டாலும் பெட்ரோல் பெட்ரோல்தான், போட்ட நிமிஷமே கைக்கு வந்துவிடுகிறது. வாரன்ட்டி அப்படியில்லை. இன்றைக்குப் பணம் கொடுத்து, இரண்டு மூன்று வருஷம் கழித்து வரப்போகிற ஒரு நாளுக்காக வாக்கு வாங்குகிறோம்.

பாகூர் கொம்யூனில் ஒரு கிராமம். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், அவர் மாமனார், மாமியார். கணவர் ஷார்ஜாவில். மாமியாருக்குச் சர்க்கரை முற்றி சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ், கோரிமேடு வரை போக வேண்டும். போக வர ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். திரும்பும்போது அந்த அம்மாவால் நிற்கவே முடியவில்லை. அதற்காகத்தான் 2021 டிசம்பரில் கார் வாங்கினார்கள். ஓட்டுவது மருமகள். அந்த வீட்டில் கார் ஆடம்பரப் பொருள் இல்லை, மருந்துப் பெட்டி மாதிரி.

மூன்று வருஷ வாரன்ட்டி முடிகிற நேரம் 2024 டிசம்பர். அந்த டிசம்பரை அந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை பொங்கி பாகூர்ப் பக்கம் ஏறியது. வீட்டுக்குள் வந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் மருமகளுக்குப் போன் வந்தது.

“மேடம், உங்க கார் வாரன்ட்டி இந்த மாசம் முடியுது. மூணு வருஷம் எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாம். எட்டாயிரத்து ஐந்நூறுதான். எல்லா பார்ட்டும் கவர் ஆகும். நாளைக்குள்ள கட்டினா இந்த ரேட்டு.”

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டபோது இரண்டு வருஷத்துக்குப் பதினாறாயிரம், ஜி.எஸ்.டி. தனி என்றார்கள். கார் வாங்கிய அன்றே எடுத்திருந்தால் இதைவிடக் குறைவு. வாரன்ட்டி முடியும் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், முடிந்துவிட்டால் பெரும்பாலும் தரவே மாட்டார்கள். அதனால் போனில் பேசியவர் அவசரப்படுத்தியதில் பாதி உண்மை இருந்தது.

மாமனார் ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ரோடியர் மில் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். 1898-ல் தொடங்கியது, 1986-ல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது, 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடியாயிற்று. வாக்கு என்றால் என்ன, அது எப்படித் தேயும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

“ஏம்மா, நூறு வருஷத்து மில்லே போயிடுச்சு. நேத்து வந்தவன் போன்ல சொல்றதுக்கா எட்டாயிரம் கட்டப் போற? கம்பெனிக்காரனுக்கும் வேணாம். அந்தப் பதினாறாயிரத்தைத் தபால் ஆபீஸ்ல போட்டு வை. கெட்டுப்போனா எடுத்துச் செய்யலாம். கெடலைன்னா நம்ம காசு நம்மகிட்ட.”

“வண்டி நாளைக்கே மக்கர் பண்ணி, செலவு நாற்பதாயிரம்னா என்ன பண்றது மாமா?”

பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அவர் சொன்னது தள்ளிவிடக்கூடிய யோசனையும் இல்லை. வாரன்ட்டி விற்கிறவரிடம் எந்த மாடல் எத்தனையாவது வருஷத்தில் எந்த பாகம் கெடும் என்ற கணக்கு இருக்கிறது. அந்தச் செலவோடு தன் லாபத்தையும் சேர்த்துத்தான் விலை வைப்பார். ஆயிரம் பேர் கட்டினால் அந்த ஆயிரம் பேரும் சேர்ந்து திரும்பப் பெறுவது கட்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சராசரிக் கணக்கில் பெரியவர் பக்கமே நியாயம். ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சராசரி கிடையாது. ஒன்று கெடும், இல்லாவிட்டால் கெடாது. கெட்டால் வருகிற ஒரே அடியைத் தாங்க முடிகிற வீடு பணத்தைச் சேமிப்பில் போடலாம். தாங்க முடியாத வீடு வாரன்ட்டி வாங்க வேண்டியிருக்கிறது.

கார் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். சாதாரண மேனுவல் கியர் பெட்ரோல் வண்டி, வருஷத்துக்கு ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டம், நாள் தவறாத சர்வீஸ் என்றால் நாலாவது ஐந்தாவது வருஷத்தில் பெரிய செலவு வருவது அரிது. ஆட்டோமேட்டிக் கியர், டர்போ, தொடுதிரை, சென்சார் என்று ஏற ஏற, ஒரு பாகம் கெட்டாலே பர்ஸ் காலியாகும். பழைய வண்டியில் பட்டறை மெக்கானிக் பிரித்து மேய்ந்து சரிசெய்த சமாச்சாரங்களெல்லாம் இப்போது அப்படியே கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுகிறவையாகிவிட்டன. இந்த வீட்டுக் கார் ஆட்டோமேட்டிக். வயலாட்டம் கிடக்கும் ரோட்டில் கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது என்று மருமகளே கேட்டு வாங்கியது.

விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்பதை வைத்து ஒரு பொருளாதாரக் கட்டுரையே உண்டு. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கர் 1970-ல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தை. எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குகிறவருக்குத் தெரியாததால் எல்லா வண்டிக்கும் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வர மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். இதற்கு ஒரு மருந்தாக அவர் சொன்னதில் உத்தரவாதமும் ஒன்று. கெட்டால் நான் பொறுப்பு என்று விற்பவரே சொன்னால் வாங்குகிறவரின் பயம் குறையும். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரையின் ஆசிரியருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், இப்போது வாரன்ட்டியே அந்தச் சந்தையாகிவிட்டது. நல்ல வாரன்ட்டி எது, ஓட்டை வாரன்ட்டி எது என்று காகிதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அமெரிக்காவில் ‘உங்கள் கார் வாரன்ட்டி முடிகிறது’ என்று போன் செய்வது பெரிய தொல்லையாக வளர்ந்தது. 2021-ல் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேற்பட்ட தானியங்கி அழைப்புகளை விட்ட ஒரு கும்பலுக்கு, அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 2023 ஆகஸ்டில் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் போட்டது. இன்னொரு வழக்கு இதைவிடப் பாடமானது. கார்ஷீல்டு, டி.வி.யில் பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்த நிறுவனம். எல்லாப் பழுதுக்கும் பணம் தருவோம், எந்தப் பட்டறைக்கும் போகலாம், பழுது பார்க்கும் நாட்களில் மாற்றுக் கார் இலவசம் என்றெல்லாம் சொன்னது மக்களை ஏமாற்றியது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024 ஜூலையில் ஒரு கோடி டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டார்கள்.

மருமகளுக்கு இந்தக் கதைகள் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் தயாரிக்கிறவர். போனில் பேசியவரிடம், “காகிதத்தை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, படிச்சிட்டுச் சொல்றேன்” என்றார். பணம் கட்டினால்தான் பாலிசி வரும் என்றார் அவர். “மாதிரியாவது அனுப்புங்க.” இரண்டு நாள் கழித்து வந்தது. பதினான்கு பக்கம். ‘எல்லா பார்ட்டும்’ என்று வாயால் சொன்னது அதில் எங்கேயும் இல்லை. பாகங்களின் பட்டியல்தான் இருந்தது, அந்தப் பட்டியலில் உள்ளதற்கு மட்டும்தான் பணம். ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வேறு. பழுது பார்க்கும் முன்பு அவர்களின் ஒப்புதல் வாங்க வேண்டும். பணத்தை முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பில்லை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். நிறுவனத்தின் அலுவலகம் வடக்கே, எங்கோ.

அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விட்டபோது அங்கே இருந்த சர்வீஸ் அட்வைசரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினார். “இந்தப் பேப்பர் வெச்சிருந்தா நீங்க என்ன செய்வீங்க தம்பி?”

“பில் போடுவோம்க்கா. நீங்க கட்டணும். அவங்ககிட்ட வாங்கறது உங்க பாடு.”

“உங்க கம்பெனி வாரன்ட்டின்னா?”

“சிஸ்டத்துல வண்டி நம்பர் போட்டா வரும். கவர் ஆகுற பார்ட்டுன்னா உங்ககிட்ட காசு கேக்க மாட்டோம்.”

இரண்டு வாரன்ட்டிக்கும் நடுவே இருந்த ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் எதற்கான விலை என்று அந்த இரண்டு வரியில் தெரிந்துவிட்டது. மலிவான காகிதத்தில் பழுதாகும் நாளில் நாற்பதாயிரம் கையில் இருக்க வேண்டும், பிறகு அதைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டும். கையில் நாற்பதாயிரம் இருக்கிற வீட்டுக்கு அந்த வாரன்ட்டியே தேவையில்லை.

எல்லா மூன்றாம் நபர் வாரன்ட்டியும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. காப்பீட்டு நிறுவனம் பின்னால் நின்று, ஊரில் உள்ள பட்டறைகளோடு நேரடி ஒப்பந்தம் வைத்திருப்பவையும் உண்டு. பார்க்க வேண்டியது பெயரை விட, அடியில் யார் கையெழுத்து, பணத்தை யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்பதை. சில ஷோரூம்களில் கார் கம்பெனியின் சின்னம் போட்ட மேசையிலேயே வேறொரு நிறுவனத்தின் காகிதத்தை நீட்டுவார்கள். சின்னத்தை நம்பிப் படிக்காமல் விட்டால் அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கார் கம்பெனியின் வாக்கும் கல்வெட்டு அல்ல. செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு அறிவித்தபோது அது இன்னும் கிட்டத்தில் இடித்தது. மறைமலைநகர்த் தொழிற்சாலை, புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேரும் தூரம். சர்வீஸும் உதிரிபாகமும் வாரன்ட்டியும் தொடரும் என்று இரண்டு நிறுவனங்களும் சொல்லிவிட்டுத்தான் போயின. வாக்கை மறுக்கவில்லை. ஆனால் விற்பனை இல்லாமல் டீலர் கடை நடத்த முடியாது. பக்கத்து ஊர் டீலர் மூடினால் வாரன்ட்டி இருக்கும், பட்டறை அடுத்த மாவட்டத்தில் இருக்கும். நகரத்துக்காரருக்கு அது ஒரு சங்கடம். கிராமத்துக்காரருக்கு ஒரு நாள் சம்பளமும் டோ வண்டி வாடகையும். அதனால் வாரன்ட்டி வாங்கும்போது வீட்டிலிருந்து பட்டறை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பது அற்பமான கேள்வி இல்லை. இவர்களுக்கு இருபதுக்குள். அதோடு அந்தக் கம்பெனி வண்டி வாரத்துக்கு நாலு ஊருக்குள் புதிதாக வருகிறது. கடை மூடும் அறிகுறி இல்லை.

இன்னொன்றையும் அந்த டிசம்பரே சொல்லிக்கொடுத்தது. நாலு வீடு தள்ளி ஒருவருடைய காரில் வெள்ளம் இன்ஜின் வரை ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பினார். இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீர் பிஸ்டனை மேலே ஏறவிடாமல் தடுக்க, உள்ளே கம்பி வளைந்து இன்ஜினே போய்விட்டது. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி வைத்திருந்தார். அது தயாரிப்புக் குறைக்கு மட்டும், வெள்ளத்துக்கு இல்லை. சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் உண்டு, ஆனால் நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினுக்கு வந்த கேடு என்றால் கைவிரித்துவிடுவார்கள். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சங்கராபரணிக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் குடியிருக்கிறவர்கள் வாரன்ட்டிக்கு முன்பு யோசிக்க வேண்டியது இந்தச் சில நூறு, ஆயிரம் ரூபாய்ச் சமாச்சாரத்தைத்தான். நனைந்த வண்டியைத் தொடாமல் தூக்கிப்போகச் சொல்லுங்கள் என்பதைத் தண்டோரா போட்டே சொல்லலாம்.

கடைசியில் மருமகள் கம்பெனி வாரன்ட்டியே எடுத்தார், இரண்டு வருஷத்துக்கு. மாமனார் முகம் சுளித்தார். “சரி, உன் இஷ்டம். ஆனா அது என்னென்ன தராதுன்னு எழுதி வெச்சுக்க” என்றார். எழுதினார்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, ஆயில். தேய்கிற எதற்கும் கிடையாது. ஒரு சர்வீஸ் தேதி தவறினாலும், வெளிப் பட்டறையில் வயரை வெட்டி ஹாரன் மாட்டினாலும், கேட்கும்போது அதைக் காட்டி மறுக்கலாம். அதனால் ஒவ்வொரு சர்வீஸின் ஜாப் கார்டும் பில்லும் ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே போனது.

பதினொன்றாவது மாதம், 2025 நவம்பரில், டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் வண்டி கியர் மாற மறுத்தது. வில்லியனூர் பைபாஸில், மாலை வெயிலில், பின் சீட்டில் துவண்டு கிடந்த மாமியாரோடு அரை மணி நேரம். தெரிந்த ஆட்டோக்காரர் வந்து வீட்டில் விட்டார். வண்டியைக் கம்பெனி தூக்கிக்கொண்டு போனது. கியரை இயக்கும் மோட்டார் பாகம் போய்விட்டது. பில் தொகை முப்பத்தெட்டாயிரம் சொச்சம். கட்ட வேண்டியது பூஜ்யம்.

ஆனால் பாகம் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளில் இரண்டு டயாலிசிஸ். மாற்று வண்டி இந்த வாரன்ட்டியில் இல்லை, அப்படி ஒரு வசதி வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவும் இல்லை. காகிதம் பாகத்துக்குப் பொறுப்பு, நாட்களுக்குப் பொறுப்பில்லை. கடன்காரருக்குத் தவணை சொல்லலாம், சிறுநீரகத்துக்குச் சொல்ல முடியாது. அந்த ஆட்டோக்காரர்தான் இரண்டு முறையும் அதிகாலையில் வந்து, அந்த அம்மா இறங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தப் பதினான்கு பக்கத்திலும் அதற்குப் பிரிவு கிடையாது.

கேட்டதைத் தர மறுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? மருமகள் அதையும் விசாரித்து வைத்திருந்தார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, எதிராளியின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஆணையம் கேட்பது காகிதத்தை. போனில் ‘எல்லா பார்ட்டும்’ என்று சொன்ன குரலைப் பதிவு செய்து வைத்தவர்கள் எத்தனை பேர்?

மாமனாரும் தன் வழியை விடவில்லை. மருமகள் வாரன்ட்டிக்குப் பணம் கட்டிய அதே வாரம் தபால் நிலையத்தில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, பென்ஷன் வரும்போதெல்லாம் ஐந்நூறு ரூபாய் போட்டுவந்தார். வைப்பரும் பிரேக் பேடும் அதில்தான் மாற்றினார்கள். ஆறு நாள் ஆட்டோ வாடகையும் அதிலிருந்துதான் போனது.